302-ஆம் வீட்டுக்கு வந்தவர்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் நாம் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்கிற ஓர் ஆள் உண்டென்றால் நம்புவீர்களா? உண்டு. அவள்தான் கமா. வயது ஐம்பத்தேழு. மருந்துத் தாள்களை அச்சடிக்கும் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். ஒரு காற்புள்ளிக்காக ஓடுகிற இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவள் என்று அங்கிருந்த ஃபோர்மேன் வைத்த பெயர் அது. பிறகு அச்சகம் பிழை திருத்துகிறவர்களை எல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. நாமாவது கூப்பிடுவோம்.

நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் மூன்றாவது மாடி, 302. அம்மா படுக்கையில் இருந்தவரை நர்ஸ், டாக்டர், விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் என்று அழைப்புமணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா போனதும் மணியும் ஓய்ந்தது. தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "சாப்டியாக்கா?" என்பான். "சாப்டேன்டா" என்பாள். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம்க்கா" என்பான். அவன் மேல் குறை சொல்ல முடியாது. சொன்ன லீவு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் புதிதாக வாங்கிய லேப்டாப்பை வைத்தாள். அச்சகத்திலிருந்து தாள் வருவதும் திருத்திப் போவதும் அதன் வழியாகத்தான். அது வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. உத்தரவாதம் இரண்டு வருடம். ஒரு சனிக்கிழமை காலை அது கண் திறக்க மறுத்துவிட்டது. துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை, தேன் தடவிய குரல். ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். மதர்போர்டு மாற்ற வேண்டும். எழுதியிருந்த தொகை புது லேப்டாப் விலையில் முக்கால்வாசி.

"வாரண்டி இருக்கே" என்றாள்.

"இருந்தது மேடம். ஆனா வெளியாள் யாரோ திறந்திருக்காங்க. இதோ பாருங்க." பூதக்கண்ணாடியின் கீழே ஒரு ஸ்க்ரூவை வைத்துக் காட்டினார். "இது எங்களோடது இல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம். உள்ள இருக்கிற போர்டைக் குத்திக் குத்தி, இப்ப போர்டே போயிருச்சு. வெளியாள் திறந்தா வாரண்டி கிடையாது. கார்டுல போட்டிருக்கு."

"ஒன்பதாவது ஷரத்து. படிச்சிருக்கேன்."

மேனேஜர் ஒரு கணம் திகைத்தார். பாவம், அந்த அட்டையைப் படித்த வாடிக்கையாளரை அவர் பார்த்ததே இல்லை.

"வெளியாள்தான் திறந்தாங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சும்மா சொன்னாப் போதாது. அப்புறம் இந்தத் தாள்ல ஏன் மாத்தணும்னு காரணமே போடல. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்த ஸ்க்ரூவும் பழைய போர்டும் எனக்கு வேணும், அது என் பொருள். இல்லன்னா நுகர்வோர் மன்றத்துல எழுதிக் குடுப்பேன்."

"எழுதுங்க மேடம், உங்க இஷ்டம். அங்கயும் இதைத்தான் கேப்பாங்க. வீட்டுக்கு நாலு பேர் வந்து போவாங்க. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுப் பசங்க, தெரிஞ்ச மெக்கானிக்… உங்களுக்கே தெரியாம யாராவது திறந்திருக்கலாம்."

"என் வீட்டுக்கு யாரும் வர்றதில்ல."

கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சிரித்தார். "யாருமே வராத வீடுன்னு ஒண்ணு உண்டா மேடம்? ஆதாரம் கொண்டாங்க, பேசலாம்."

கமா தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் முகம் எரிந்தது. தோற்றதனால் இல்லை. அவள் சொன்னதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. பிழை திருத்துகிறவள், தெரிந்தே ஒரு வரியை விழுங்கியிருந்தாள்.

ஒருவர் வந்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால், இதே சென்டர் அனுப்பி வந்த சர்வீஸ்காரர். நாற்பது வயசு இருக்கும், முன்வழுக்கை, கம்பெனி சட்டை. கீபோர்டில் இரண்டு எழுத்து சிக்கிக்கொள்கிறது என்று இவள் போன் செய்திருந்தாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "சென்டருக்குத்தான் எடுத்துட்டுப் போகணும் மேடம், பத்து நாள் ஆகும்" என்றார். பத்து நாள் இது இல்லாமல் வேலை ஓடாது என்று கமா கெஞ்சினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்ல வெச்சுத் திறக்கக் கூடாதுன்னு ரூல். பரவால்ல, யாருக்கும் சொல்லிக்காதீங்க" என்று திறந்து சுத்தம் செய்து கொடுத்தார். மூடும்போது ஒரு ஸ்க்ரூ கையிலிருந்து நழுவி ஃபிரிஜ் பக்கம் உருண்டு ஓடியது. இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். "உங்க வீட்டு ஃபிரிஜ்ஜுக்கு இரும்புச்சத்து கம்மி போல மேடம், முழுங்கிடுச்சு" என்றார் அவர். கமா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அவர் தன் டப்பாவிலிருந்து வேறொரு ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினார்.

பிறகு காபி குடித்தார். மகளுக்கு முன்பல் விழுந்த கதையைச் சொன்னார். கமா தொலைக்காட்சி ரிமோட்டைக் காட்டினாள், அதையும் பார்த்துக் கொடுத்தார். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றாள். அது சரியாகத்தான் ஓடியது. அதையும் இறக்கிப் பார்த்து மாட்டினார். போகும்போது நம்பர் எழுதிக் கொடுத்து, "எதுனாலும் கூப்பிடுங்க மேடம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, ஃபிரிஜ்ஜை நகர்த்திப் பெருக்கும்போது அந்த ஸ்க்ரூ கிடைத்தது. கமா போனை எடுத்தாள். அவர் பெயர் வரைக்கும் போனாள். ஒரு ஸ்க்ரூவுக்காக ஒருத்தரைக் கூப்பிடுவார்களா, என்ன நினைப்பார், பேச ஆளில்லாமல் அலைகிறாள் என்று நினைக்க மாட்டாரா? போனை வைத்துவிட்டாள். ஸ்க்ரூவை, கிழமைக்கு ஓர் அறை இருந்த அம்மாவின் மாத்திரை டப்பாவில், திங்கட்கிழமை அறையில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகும் பலமுறை போனை எடுத்தாள். ஒருமுறைகூட அழைக்கவில்லை.

மேனேஜரைப் பார்த்த மறுநாள் காலை கேட்டுக்குப் போனாள். வெளியாள் யார் வந்தாலும் காவலாளி ரிஜிஸ்டரில் எழுத வைப்பார். பெயர், எந்த வீடு, எதற்கு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பார்சல்காரர்கள் மட்டும் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினான்கு மாதத்துக்கு மூன்று நீள நோட்டுகள். காவலாளியின் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓர் அடிஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, மருந்துத் தாளைப் படிப்பதுபோலப் படித்தாள்.

304-க்கு டியூஷன் டீச்சர், மாமா, மாமா, பிறந்தநாள் என்று பதினோரு பேர். 207-க்கு பிளம்பர், மறுபடியும் பிளம்பர், அப்புறம் அண்ணன், அண்ணி. 110-க்கு 'சும்மா பார்க்க' என்று எழுதி ஒருவர் வாராவாரம் வந்திருந்தார். சும்மா பார்க்க! அந்த வரியில் ஸ்கேல் கொஞ்ச நேரம் நகரவில்லை. 302 இல்லை. அடுத்த பக்கம், இல்லை. அடுத்தது, இல்லை.

"என்ன மேடம் தேடுறீங்க?" என்று காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என் வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு."

"உங்க வீட்டுக்கா? ஈ காக்கா வராதே மேடம்! என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. இதுக்கா ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கீங்க?"

மனிதர் நல்லவர், வெள்ளந்தி. ஆனால் முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

இரண்டாவது நோட்டின் நடுவில் அது இருந்தது. சர்வீஸ்காரரின் பெயர். வீடு: 302. எதற்கு: லேப்டாப் சர்வீஸ். உள்ளே 11.10. வெளியே 12.40. காவலாளி அன்றைக்கு எழுத மறந்திருக்கக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டு வந்ததும் இந்த வரிக்காகத்தான். ஒன்றரை மணி நேரமா இருந்தார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இந்த வரி போதும், அவள் ஜெயித்துவிடுவாள். வெளியாள் யாருமில்லை, வந்த ஒரே ஆள் கம்பெனி ஆள். ஆனால் அவர் அகப்பட்டுக்கொள்வார். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை நகல் எடுத்தால்? முழு வெறுமையும் ஆதாரம்தானே. கமா அதையும் யோசித்தாள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வரி விடுபட்ட மருந்துத் தாளால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அவள். அதோடு, அந்த ஸ்க்ரூ எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்டால் பொய் சொல்ல வேண்டும். அவள் கையால் ஆகிற காரியமா அது?

எட்டு மாதமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டாள். 302 என்றதும் அவருக்கு நினைவு வந்தது. "ரிமோட் மேடம்தானே! கடிகாரம் ஓடுதா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது.

"மேடம், என் பேரைச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன். நீங்க கேட்டீங்களேன்னுதான் திறந்தேன். ரெண்டு நாள் பொறுங்க, நானே உள்ள பேசி ஏதாவது பண்றேன்."

இரண்டு நாள் ஐந்து நாள் ஆயிற்று. அவள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து அடித்து நின்றது. அச்சகத்திலிருந்து போன் வந்தது. இந்த வாரத் தாள்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், அடுத்த வாரமும் இப்படியே என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டியிருக்குமாம். அன்று ஞாயிறு. தம்பி, "சாப்டியாக்கா?" என்றான். "சாப்டேன்டா" என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை நகல்களை மேனேஜரின் மேசைமேல் பரப்பினாள்.

"பதினாலு மாசம். எல்லாப் பக்கமும் இருக்கு. என் வீட்டுக்கு ஒருத்தர்தான் வந்தார். நீங்க அனுப்பி வந்தார், உங்க சட்டையைப் போட்டுட்டு வந்தார். ஒன்பதாவது ஷரத்து வெளியாளுக்குத்தான். உங்க ஆளு வெளியாள் இல்ல."

மேனேஜர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு கட்டத்தில் அவர் தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு மாசத்துல ஒருத்தர்தானா?" என்று தேன் எல்லாம் வடிந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் சொல்லக் கடமையில்லை. கமா நகல்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. இலவசமாகப் போர்டு மாற்றித் தருவதாகவும், வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகவும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கமா அதைப் படித்துவிட்டு, "இன்னொரு வரி சேர்க்கணும்" என்றாள். "அவர்மேல நடவடிக்கை எடுக்க மாட்டோம்னு. திறக்கச் சொல்லிக் கெஞ்சினது நான்."

"அது எங்க உள் விஷயம் மேடம். அதுல நீங்க தலையிட முடியாது."

உத்தரவாத அட்டையின் பதினாலு ஷரத்தும் அவளுக்கு மனப்பாடம். அதில் எதுவும் அவருக்காக எழுதப்படவில்லை.

பத்து நாள் கழித்து, மாலையில் அழைப்புமணி அடித்தது. அவரேதான், கையில் பெட்டியோடு. கமா காலையிலிருந்தே இரண்டு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், யார் கொண்டுவருவார்கள் என்று தெரியாமலேயே.

"உள்ள வாங்க, காபி போடறேன்."

"இல்ல மேடம். கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். கமா கையெழுத்துப் போட்டாள். "வேலைக்கு ஒண்ணும்…"

"டெலிவரிக்கு மாத்திட்டாங்க. திறக்கிற வேலையே இல்லை. பரவால்ல மேடம், நீங்க கேட்டது நியாயம்தான்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் போய்விடுவார் என்று பயந்து, அவள் ஓடிப்போய் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து திங்கட்கிழமை அறையைத் திறந்தாள். ஸ்க்ரூவை அவர் விரலில் எடுத்துப் பார்த்தார்.

"அதேதான். எப்பக் கிடைச்சது?"

"அப்பவே. நீங்க வந்துட்டுப் போன ரெண்டு வாரத்துல."

அவர் அவளையே பார்த்தார். "கூப்பிட்டிருக்கலாமே மேடம். வந்து ரெண்டு நிமிஷத்துல மாத்திக் குடுத்திருப்பேனே. ஒண்ணுமே ஆகியிருக்காதே."

தொந்தரவு பண்ண வேண்டாமென்றுதான் என்று கமா சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஸ்க்ரூவை டப்பாவில் திரும்பப் போட்டு, "வர்றேன் மேடம்" என்று படியிறங்கிவிட்டார். கமா கதவைப் பிடித்துக்கொண்டு, காலடிச் சத்தம் தேயும்வரை நின்றாள். பிறகு அழுதாள்.

லேப்டாப் உடனே கண் திறந்தது. அச்சகத்திலிருந்து நான்கு தாள்கள் காத்திருந்தன. அவள் அவற்றைத் திறக்காமல் கீழே கேட்டுக்குப் போய் ரிஜிஸ்டரைக் கேட்டாள். "இன்னும் கேஸ் முடியலையா மேடம்?" என்று காவலாளி நீட்டினார்.

இன்றைய பக்கத்தில் கடைசி வரி. வீடு: 302. எதற்கு: டெலிவரி. உள்ளே 4.10. வெளியே 4.16. மூன்று மாடி ஏறி இறங்கவே மூன்று நிமிடம் ஆகும். கமா விரலை வரிக்குக் கீழே வைத்து இன்னொரு முறை படித்தாள். பிழை எதுவும் இல்லை.