தகனினி டாங்கிக்குள் தட்டியது யார்?

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. இத்தனை வருடத்தில் என் மனைவி ரத்னாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவளிடமும் பாதிதான்.

பேய்க் கதைகள் எல்லாம் நடுநிசியில் நடக்கின்றன. எனக்கு நடந்தது சாயங்காலம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து நிலத்தில் யாரோ குதிரைகளை லாயத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1996, அக்டோபர் மாதம்.

நான் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். குடியேற்ற விசா கிடைத்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தபின் அந்த அனுபவத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. டாங்கி செய்யாத நாட்டில் டாங்கி ஃபிட்டருக்கு என்ன வேலை? எட்டு மாதம் சும்மா இருந்தேன். பிறகுதான் டெனிஸ் கிடைத்தார்.

டெனிஸ் வயதான வெள்ளைக்காரர். ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில் தகனினி என்ற ஊரில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஒரு பெரிய தகரக் கொட்டகை வைத்திருந்தார். உள்ளே இரண்டாம் உலகப் போர் வண்டிகள். ஜீப்புகள், ஒரு பீரங்கி இழுவை வண்டி, திறந்த கூரையுள்ள இரண்டு கவச வண்டிகள். கடைசியில், சுவரோரமாக, வேலன்டைன் என்ற பிரிட்டிஷ் ரகத்தில் ஒரு டாங்கி.

போர் முடிந்ததும் இந்த ஊரில் அந்த டாங்கிகளை விவசாயிகளுக்கு விற்றுவிட்டார்களாம். மரவேர் பிடுங்க, காடு திருத்த. இதுவும் அப்படிப் போனதுதான். பீரங்கிக் கூண்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைமேல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அதனால் உள்ளே போக ஒரே வழிதான். ஓட்டுபவரின் தலைக்கு மேலே இருக்கும் மூடி.

அந்த மூடி எப்போதும் திறந்தே இருக்கும். இடையில் ஒரு மரக்கட்டை செருகியிருக்கும்.

முதல் நாளே டெனிஸ் சொன்னார், இதை மட்டும் மூடாதே என்று. காற்று போகட்டும், துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். நான் காரணம் கேட்கிற ஆள் இல்லை. அவரும் சொல்கிற ஆள் இல்லை. நாங்கள் இருவரும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்திருக்கிறோம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு விஷயம் மட்டும் சரியில்லை.

தினமும் காலையில் ஓட்டுநர் இருக்கை நனைந்திருக்கும். கூரை ஒழுகவில்லை. ஏறிப் பார்த்துவிட்டேன். தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். குளத்தின் அடிச்சேற்று வாடை. துடைத்துவிட்டுப் போவேன். மறுநாள் மறுபடி இருக்கும். டெனிஸ் ஒருமுறை நான் துடைப்பதைப் பார்த்தார். இன்னொரு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கொட்டகையில் இன்னொருவர் சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், பெயின்ட் அடிப்பவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். சான்ட்ரிங்ஹாமில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் காரில்தான் வருவார். டாங்கியின் வெளிப்புறம் முழுக்க அவர் கைவண்ணம். உள்ளே மட்டும் தலையை நீட்டக்கூட மாட்டார். குண்டுவீச்சு ஒன்றில் அவருடைய தம்பி பங்கருக்குள் புதைந்துபோயிருக்கிறார். மண்ணுக்கு அடியிலிருந்து வெகுநேரம் தட்டும் சத்தம் கேட்டதாம். இவர்கள் தோண்டி முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது. இதை ஒரே ஒரு முறை சொன்னார்.

அன்று ஆயுத பூஜை. டெனிஸ் ஹாமில்டனுக்குப் போயிருந்தார். நான் காலையிலேயே எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். சாமந்தி, எலுமிச்சம்பழம், பொரி, கடலை, சூடம். ஸ்பானர்களையும் சுத்தியல்களையும் கழுவி அடுக்கினேன். டாங்கியையும் துடைத்தேன்.

சபாரத்தினம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கட ஆக்கள் டாங்கிக்கும் பொட்டு வைப்பினமோ?”

“ஆவடில வருஷா வருஷம் வைப்போம்ணே. பொட்டு இல்லாம ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது.”

“எண்பத்தேழில, இந்தியன் ஆமி வந்த நேரம், உங்கட டாங்கி ஒண்டு எங்கட வீட்டு ஒழுங்கைக்குள்ளால வந்தது. பொட்டை நான் கவனிக்கேல்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை அவரே வாங்கித் தண்ணீர் விட்டுக் குழைக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பூஜைக்கு வைத்த பொருள் ஓய்வில் இருக்க வேண்டும். புத்தகமானால் மூடி வைப்போம். இயந்திரமானால் நிறுத்தி வைப்போம். வாயைத் திறந்துகொண்டு நிற்கிற வண்டிக்கு எப்படிப் பொட்டு வைப்பது? மரக்கட்டையை எடுத்தேன். மூடியை இறக்கினேன். அதன் விளிம்பின்மேல், மூடியிலும் பக்கத்து இரும்பிலும் சேர்ந்தாற்போல், மூன்று விரலால் சந்தனத்தைப் பட்டையாக இழுத்தேன். நடுவில் குங்குமம். மேலே மாலை.

இருவரும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தோம். சூடம் காட்டினேன். சங்கிலிப் பட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். இனி விடியும்வரை எதையும் தொடக்கூடாது.

திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அதைக் காரிலேயே விட்டுவிட்டேன். கார் கேட் அருகே நின்றது. தூறல். செருப்பை மாட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது சபாரத்தினம் இல்லை.

கொட்டகைக் கடிகாரத்தில் ஐந்து இருபது.

கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பூசணிக்காயைக் கீழே வைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

இரும்பு சூடாறும்போது அப்படிச் சத்தம் வரும். ஆனால் அந்த எஞ்சினை நாங்கள் இன்னும் ஓட்டியதே இல்லை.

டொக்... டொக்... டொக்.

டாங்கிக்குள்ளிருந்து வந்தது.

“அண்ணே?”

விளையாடுகிறவர் இல்லை அவர். அதுவும் உள்ளே போய்... இருக்கவே முடியாது. கழிப்பறை கொட்டகைக்கு வெளியே, சேற்றைத் தாண்டி. எட்டிப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. யாருமில்லை.

வாசலில் என் பூட்ஸ் இருந்தது.

பக்கத்தில் அவருடையதும் இருந்தது.

வெறுங்காலோடு அவர் எங்கே போவார்?

டொக்... டொக்.

இப்போது மெதுவாக. களைத்துப்போன கைபோல.

பூஜை போட்டதைத் தொடக்கூடாது என்று ஒரு கணம் நின்றேன். ஒரே ஒரு கணம். பிறகு டாங்கிமேல் ஏறினேன்.

மாலையை வீசினேன். மூடியைப் பார்த்தேன்.

நான் இழுத்த சந்தனப் பட்டை அப்படியே இருந்தது. காய்ந்து, வெளிறி, ஒரு கீறல்கூட இல்லாமல். நான் வைத்தபிறகு அந்த மூடி திறக்கப்படவே இல்லை.

அப்படியென்றால் உள்ளே யார்?

குனிந்து, ஓட்டுநர் வெளியே பார்க்கிற சிறு இடுக்கில் டார்ச்சை அடித்தேன்.

தண்ணீர்.

இடுக்கின் விளிம்புவரை பழுப்புத் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அது அசைந்தது. உள்ளே யாரோ புரண்டதுபோல...

ஒரு குமிழி வந்தது.

இன்னொன்று.

மூடியை இழுத்தேன். வரவில்லை. கடப்பாரையை எடுத்து வந்தேன். நெம்பினேன். என்னை அறியாமல் அண்ணே, அண்ணே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

தட்டல் நின்றுவிட்டது.

அதுதான் என்னை உடைத்தது. சத்தம் அல்ல. அந்த மௌனம்.

மறுபடி நெம்பினேன். சந்தனம் உதிர்ந்தது. மூடி கழன்று விழுந்தது.

உள்ளே இருட்டு. தண்ணீர் இல்லை. சேற்று வாடை மட்டும்.

கையை விட்டுத் துழாவினேன்.

ஒரு கை என் கையைப் பிடித்தது.

குளிர்ந்த கை... இறுக்கமாக.

பிடித்து இழுத்தேன்.

அதுவும் இழுத்தது.

கீழே.

என் தோள்வரை உள்ளே போய்விட்டது. முகம் இரும்பில் மோதியது. முருகா என்றேனா, அம்மா என்றேனா, தெரியாது. இன்னொரு கையால் துழாவியபோது ஒரு சட்டைக் காலர் அகப்பட்டது. அதைப் பற்றினேன். விடவில்லை.

குளிர்ந்த கை விட்டது.

சபாரத்தினத்தை இழுத்து வெளியே போட்டேன். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். உதடு நீலம். அவருடைய இரண்டு கைகளும் மடங்கி, சட்டைக்குள் சிக்கி, மார்போடு ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரிக்கவே எனக்கு நேரமாயிற்று.

அப்படியானால் நான் பிடித்தது...

நெஞ்சை அழுத்தினேன். வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இருமினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார், இவர் எந்தச் சதுப்பில் விழுந்தார் என்று. நுரையீரலில் இருந்தது மழைத்தண்ணீர் இல்லையாம். கொட்டகை என்று சொன்னால் நம்புவாரா?

மூன்றாம் நாள் சபாரத்தினம் பேசினார். குரல் காற்றாக வந்தது.

“தட்டினது கேட்டது தம்பி. நீர்தான் உள்ள அகப்பட்டிட்டீர் எண்டு நினைச்சன்.”

“நான் வெளிய காருக்குத்தானே போனேன்.”

“எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நிக்க ஏலேல்ல. மூடியில கைய வைச்சன். பிறகு நான் உள்ள இருந்தன்.”

நான் கேட்கத் தயங்கியதைக் கேட்டேன். உள்ளேயிருந்து எனக்குத் தட்டியது நீங்கள்தானே என்று.

அவர் தன் இரண்டு கைகளையும் போர்வைமேல் எடுத்து வைத்தார்.

“நான் தட்டேல்ல. என்ர கை அசையேல்ல. பக்கத்தில இருந்தவர்தான் தட்டினவர்.”

அன்று மாலை டெனிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார். நான் மூடியை மூடியதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தாழ்வாரத்தில் ஆட்கள் குறைந்ததும் சொன்னார்.

அவருடைய அப்பா அந்த டாங்கியை வாங்கியது நாற்பத்தேழில். ஒருநாள் பண்ணையாள் அதைச் சதுப்பு ஓரமாக ஓட்டியபோது கரை சரிந்தது. டாங்கி உள்ளே போய்விட்டது. ஒரு ஆள்தான் உள்ளே இருந்தான். கரையில் டெனிஸும் அவருடைய அண்ணனும். சேற்றுக்கு மேல் மூடி மட்டும் தெரிந்தது. தட்டும் சத்தம் கேட்டது. திறந்துவிட அண்ணன் ஓடினார். மூடியில் கை வைத்ததை டெனிஸ் பார்த்தார். பிறகு மூடி சேற்றுக்குள் போயிற்று. அண்ணனைக் காணவில்லை.

இழுத்து வெளியே எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. மூடி உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. வெட்டித் திறந்தார்கள். உள்ளே இரண்டு உடல்கள்.

டெனிஸ் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அந்த ஒரு வாரமும் தட்டல் நிற்கவில்லை,” என்றார். “முதல் நாள் ஒருவர் தட்டும் சத்தம். மறுநாளிலிருந்து இருவர்.”