கோணி நின்ற டிரெய்லரும் என் புதுக் கொண்டிகளும்

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, தேநீர் விற்கும் இந்தச் சின்ன டிரெய்லர் வரை எல்லாம் என் கையால் உண்டாக்கியவன். எவர் சொல்லும் எனக்கு வேண்டாம் என்ற அந்தத் திமிர்மேல்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

கியா பார்ம் மலைச்சரிவில், நாலு மூலையிலும் ஜாக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த டிரெய்லரின் சன்னல் கொண்டிகள் சட்டத்துப் பள்ளத்தில் விழவில்லை. இரும்புச் சாமான் கடைக்காரன் வண்டியைப் பார்க்காமலே, "கொண்டி தேஞ்சிருச்சி அங்கிள்" என்று நாலு புதுக் கொண்டிகளைத் தலையில் கட்டினான். பொருந்தும்வரை அராவி, இடம் மாற்றி முடுக்கினேன்.

"வண்டியே கோணிக்கிட்டு நிக்குது. ஒரு மூலையில ஜாக்கிய ரொம்ப ஏத்திட்டீங்க, அத மொதல்ல பாருங்க" என்றாள் மனைவி.

"நீ டீயப் போடுலா!" என்று கத்தினேன்.

மறுநாள் ஜாக்கிகளை எடுத்துவிட்டு டிரெய்லரைப் பக்கத்து ஊரான கோலா தெர்லாவுக்கு இழுத்துப் போனேன். கோணல் நிமிர்ந்ததும், அந்தக் கோணலுக்கு ஏற்ப அராவிய கொண்டிகள் பிடி விட்டன. பின்னால் மோட்டாரில் வந்த என் மகள் முந்தும்போது, சன்னல் படாரென்று திறந்து அவள் ஹெல்மெட்டை உரசியது.

"தலை போயிருக்கும்பா! அம்மா சொன்னது காதுல விழலையா?" என்று நடுரோட்டில் கத்தினாள்.

இப்போது டிரெய்லரின் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் திருப்புளியைத் தொடுவதில்லை. கிளம்பும் முன் மனைவி ஒவ்வொரு சன்னலையும் இழுத்துப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. ஆனாலும் அவள் தலையாட்டும்வரை வண்டியை எடுப்பதில்லை.