சோதிலிங்கத்தின் வேட்டைத் துவக்கு

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் தனியே வாழும் சிறிதேவி, இறந்துபோன கணவர் சோதிலிங்கத்தின் வேட்டைத் துவக்கை விற்கக் கொண்டுபோனார். போருக்குத் தப்பி வந்தவர்களின் வீட்டில் துப்பாக்கியா என்று சிறிதேவி அதைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு இலையுதிர்காலமும் கணவர், "நீரும் வாருமன்" என்பார். பிறகு தனியே காட்டுக்குப் போவார்.

துவக்குக் கடையில் வேலை செய்யும் ஆரபி அதில் பொறித்திருந்த முத்திரைகளைப் பார்த்தாள்.

"ரெண்டாம் உலகப் போரிலை ஜெர்மன் ஆமி விட்டிட்டுப் போனது, அன்ரி. நோர்வே ஆமி எடுத்துப் பாவிச்சிருக்கு. பிறகு ஆரோ வேட்டைக்கு மாத்தியிருக்கினம். ஆனா தோளிலை வைக்கிற மரப்பிடியை வெட்டிக் குறுக்கினது கிட்டடியிலை, வெட்டு இன்னும் புதுசு. அங்கிள் உயரம் குறைவோ?"

"அவர் நெடுவல். நான் அவரின்ரை நெஞ்சளவுதான்."

ஆரபி துவக்கைச் சிறிதேவியின் தோளில் வைத்துப் பார்த்தாள். அளவாக இருந்தது.

"வெட்டினதெண்டு அவர் ஒரு சொல் சொல்லேல்லை, பிள்ளை," என்றார் சிறிதேவி. அதன்பிறகு விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.