மடியில் ஒரு கண்டெய்னர் லாரி

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. பக்கத்து சீட்டில் இருக்கும் ஒரு அம்மாவின் மடியிலும் ஒரு கண்டெய்னர் லாரி. முழங்கை நீளம்; முழுக்க, ஒன்றோடொன்று அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் ஆனது. பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்துச் செய்யவில்லையாம், மாதக்கணக்காக அவரே யோசித்துக் கட்டியதாம். இவரைப் போலக் கட்டுகிறவர்கள் இன்று ராயபுரத்தில் ஒரு ஹாலில் கூடுகிறார்கள். அங்கே வைக்கத்தான் கொண்டுபோகிறார்.

“பசை போட்டு ஒட்டியிருக்கீங்களா?” என்று கேட்கிறேன். கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் முறைக்கிறார்.

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. என் முழங்கை லாரியில் இடிக்க, அதன் முன்பகுதி கழன்று என் மடியில் வந்து விழுகிறது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

“ஐயோ, உடைச்சிட்டேனா?”

“இன்னாத்துக்கு சார் பேஜாராவுற? ஒண்ணும் ஒடையல. கயட்டி மாட்றா மாரிதான் கட்டிகீறேன். ஹார்பர் யார்டுல கண்டெய்னர் பொட்டிய வுட்டுட்டு முன்வண்டி மட்டும் தனியா கெளம்பும்ல, அதே மாரி.”

வாங்கி மாட்டுகிறார். டக். மறுபடி கழற்றி, என்னையே மாட்டச் சொல்கிறார். டக்.

லாரிகளின் இடுக்கில் புகுந்து ஆட்டோ வேகமெடுக்கிறது. அவர் வெளியே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

“எங்க வூட்டுக்காரு ஓட்ற லாரியும் இந்த வரிசைலதான் எங்கியோ நின்னுகினு கீது. பாரு சார், அவரு லாரிக்கு முன்னாடி என் லாரி போய்ச் சேந்துடும்.”