குளிர வைத்த விளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். பேனையை எடுப்பேன்... மூடி வைத்துவிடுவேன். என் மனைவியைப் பார்த்து ஒருவர்கூடச் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம். போன வெள்ளிக்கிழமை அவளே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் சொன்னாள்: "எழுதுங்கோவன். நடந்தது நடந்ததுதானே."

உத்தரவு கிடைத்துவிட்டது. முருகா, பிழையில்லாமல் எழுத வை.

எங்கள் ஒரே மகள் சுமதி நோர்வேயில். சண்டை மும்முரமாக இருந்த காலத்தில்தான் அவளுக்கு முதல் பிள்ளை. நாள் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் என்றார்கள். மனைவிக்கு எப்படியோ விசா கிடைத்து, அழுதழுது விமானம் ஏறினாள். நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்க ஒழுங்கை ஒன்றில், வாடகை ஃபிளாட்டில் தனியாக.

தனியாக என்றா சொன்னேன்? பக்கத்து வீட்டுப் பாக்கியம் இருந்தாளே. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், இந்திய வம்சாவளி. என் மனைவியோடு வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். "அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்று ஒரு கறியாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

குழந்தை பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தது. பிள்ளை பிறந்த துடக்கு, அந்தத் தீட்டு, கழிந்த கையோடு வீட்டுக்கும் விட்டுவிட்டார்கள். அன்றைக்கே மனைவி ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை டொக்டர் சொன்ன நிறைக்கு வரும்வரை முருகனுக்கு முன்னால் அணையாத விளக்கு. சின்ன வீடு. கிழக்குப் பார்த்த சுவர் ஒன்றுதான் இருந்தது. அங்கே ஒரு தட்டு அடித்து, படம் வைத்து, விளக்கு ஏற்றினாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். அந்தியில் மருமகன் ரமணன் போன் எடுத்தார். வீட்டிலிருந்து அல்ல, வேலை செய்யும் இடத்திலிருந்து. இங்கே கரண்ட் இல்லை. வேர்த்து ஊற்ற, சட்டையைக் கழற்றிவிட்டு ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அவர் சொல்வது...

"மாமா, வீடு குளிருது. பிள்ளைக்குக் கால் கையெல்லாம் சில்லிட்டுப் போகுது. நிறை பாக்க வந்த நர்ஸ், கூடவே இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போறா. இப்பிடியே போனா திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லிப்போட்டினம்."

"ஹீற்றர் இல்லையோ தம்பி?"

"இருக்கு மாமா. நிலத்துக்குக் கீழ வயர் தாட்டிருக்கு. சுவரில ஒரு பெட்டி. அதில சென்சர் வைச்சு..."

"தம்பி, தம்பி, கொஞ்சம் பொறும்."

நான் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். நிலத்துக்குக் கீழே வயராம். சுவரில் பெட்டியாம். கேட்கிறவனுக்குக் குண்டு வைக்கிற கதை மாதிரியே இருக்கும். கொழும்பில், அந்த வருடங்களில், ஒரு தமிழன் போனில் கதைக்கிற கதையா இது? யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ... விடிய முன்னம் வாசலில் ஜீப் வந்து நிற்காதா?

"தம்பி, அந்தச் சொல்லு வேண்டாம். நரம்பு எண்டு சொல்லும்."

அந்தக் கவலையிலும் அவர் சிரித்துவிட்டார். "சரி மாமா. தரைக்குள்ள நரம்பு ஓடுது. அதுக்குள்ள கரண்ட் ஓடினா தரை சுடும், தரையால வீடு சுடும். அதைப் பாக்க ரெண்டு காவல்காரர். ஒராள் தரைக்குள்ள, தரை அளவுக்கு மிஞ்சிச் சுடாமப் பாக்கிறவர். மற்றவர் சுவர்ப் பெட்டிக்குள்ள, அறை எவ்வளவு சூடு எண்டு பாக்கிறவர். ரெண்டு பேரில ஒராள் போதும் எண்டாலே கரண்ட் நிண்டிடும்."

"அப்ப ஆரு போதும் எண்டது?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மாமி விளக்கு வைச்சிருக்கிறது அந்தப் பெட்டிக்கு நேர கீழ, மாமா."

விளங்கிவிட்டது. விளக்குச் சூடு மேலே எழும்புகிறது. பெட்டி, 'ஆகா, வீடெல்லாம் வெதுவெதுப்பு' என்று நினைத்துக் கரண்டை நிற்பாட்டிவிடுகிறது. தரையோ பச்சைத் தண்ணீர் மாதிரி. வீடு குளிரக் குளிர மனைவி பயந்துபோய் இன்னும் எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டிவிட்டு, இன்னும் உருகிக் கும்பிட்டிருக்கிறாள். கும்பிடக் கும்பிட வீடு இன்னும் குளிர்ந்திருக்கிறது.

தன் மூக்குக்குக் கீழே இருக்கும் சூட்டை வைத்து வீடு முழுவதும் சுகம் என்று சொல்லும் பெட்டி நோர்வேயில் மட்டுமா இருக்கிறது? விடுங்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

"நீர் மாமிக்குச் சொல்லேல்லையோ?"

"நானோ? விளக்கை நூர்க்கச் சொன்ன மருமகன் எண்டு ஆயுளுக்கும் பேர் இருக்கும் மாமா. சுமதி சொல்லிப் பாத்தவள். மாமி ஒரே அழுகை. நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ."

எங்கள் பேச்சில் நூர்ப்பது என்றால் அணைப்பது. உடனே நோர்வே வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவிதான் கதைத்தாள். நான் பக்குவமாக, பெட்டி, தரை, காவல்காரர் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அதாலதான்... விளக்கை ஒருக்கா நூர்த்துப்போட்டு, வேற சுவரில வையும்" என்றேன்.

"நேர்த்தி விளக்கை நூர்க்கச் சொல்லுறீங்களோ?"

"அப்ப எரியிறதை அப்பிடியே தூக்கி வையுமன்."

"தூக்கேக்க காத்துப் பட்டு நூர்ந்தா? பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில? யாழ்ப்பாணத்தால வெளிக்கிடேக்க இந்தக் கையாலதான் சாமி விளக்கை நூர்த்தனான். பிறகு அந்த வீட்டில ஆராவது விளக்கு ஏத்தினவையோ? என்னால ஏலாதப்பா. அந்த வேலையை என்னட்டச் சொல்லாதேங்கோ."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாத்திரம் தெரியாது, மின்சாரமும் தெரியாது. ரிசீவரைப் பிடித்தபடி நிற்கிறேன். அந்தப் பக்கம் பேத்தி பூனைக்குட்டி மாதிரிச் சிணுங்குவது கேட்கிறது.

பாக்கியம் மெழுகுதிரியோடு கதவடியில் நின்றிருந்தாள். கரண்ட் போனதும் கொண்டுவந்திருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டாள் போல.

"ஐயா, நீங்க பேசுற பேச்சே சரியில்ல. குடுங்க இங்க" என்று ரிசீவரை வாங்கினாள்.

"அக்கா, நான் பாக்கியம். புள்ள எப்படி? ...ம். ...ம். அக்கா, நூர்க்கிறதுன்னா யாருக்கு மனசு வரும்? எனக்கும் வராது. நாங்க அந்தச் சொல்லே சொல்ல மாட்டோம். குளிர வைக்கிறதுன்னுதான் சொல்லுவோம். ஆமாக்கா, வெளக்கக் குளிர வைக்கிறது. நாளெல்லாம் எரிஞ்சு அதுக்கும் சூடுதானே? வாயால ஊதக் கூடாது. ஒரு பூவால தொட்டுக் குளிர வச்சு, அப்புறம் ஏத்திக்கலாம். ...பூ இல்லியா? அப்ப ஒரு சொட்டுப் பால் விடுங்க."

அந்தப் பக்கம் மனைவி ஏதோ கேட்டிருக்கிறாள்.

"முருகன் கோவிக்க மாட்டாருக்கா. புள்ளைக்குக் குளிருதுன்னா அவரே எறங்கி வந்து தள்ளி உக்காருவாரு."

போனை வைத்துவிட்டு நானும் பாக்கியமும் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்தோம். பிறகு மனைவியே போன் எடுத்தாள். ஃபிரிஜ்ஜில் இருந்த கடைப் பால் பெட்டியை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லையாம். பிள்ளைக்கென்று சுமதி எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலில் ஒரு சொட்டு விட்டாளாம். விளக்குக் குளிர்ந்தது. படத்தையும் விளக்கையும் எதிர்ச் சுவரின் அலுமாரிக்கு மாற்றி, முகம் கழுவி, திரும்ப ஏற்றினாளாம்.

"கிழக்குப் பாக்கேல்லையப்பா. பரவாயில்லையோ?"

"பரவாயில்லை. அவர் பிள்ளையைப் பாத்தாப் போதும்."

"தரையில கையை வைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "சுடுது" என்றாள்.

அடுத்த முறை நர்ஸ் வந்து நிறை பார்த்தபோது தராசு முள்ளு ஏறியிருந்தது. பெரிதாக இல்லை. ஆனாலும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் காது வரை, ஓயாத பேச்சு.

இனித்தான் என் வேண்டுகோள். இந்தக் கதை ஏற்கெனவே ஊருக்குள் நடமாடுகிறது. ஒரு கல்யாண வீட்டில், "ஒரு மனுசி விளக்கு வைச்சுப் பிள்ளையைக் குளிரில போட்டவ" என்று என்னிடமே ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். வேறொருவர், விளக்குத் தானாக அணைந்து தரையில் வேல் வடிவத்தில் சூடு கிளம்பியது என்றார். இரண்டும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த கடவுள் அன்றைக்குக் கொட்டாஞ்சேனைக்காரியின் வாயில் ஒரு சொல்லாக வந்தார். அவ்வளவுதான்.

ஆகவே வாசிக்கிற பிள்ளைகளே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். விளக்கையும் சொல்லுங்கள், பெட்டியையும் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அவள் விளக்கை நூர்த்தாள் என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள் — குளிர வைத்தாள்.