நடு நெஞ்சு வலியும் ஒரு சோடா பாட்டிலும்

முந்திரித் தோப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், நடு நெஞ்சு அழுத்துகிறது என்று வியர்த்துக் கொட்டக் கடை வாசலில் உட்கார்ந்தார். ஆண்டிமடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் சோடாவை உடைத்து நீட்டினார்.

"இதயம் இடப்பக்கம்ல இருக்கு? இது வாயு. ஊரைக் கூட்டாதீங்க அண்ணி!"

"ஒங்க அண்ணன் சட்டை நனைஞ்சு கெடக்கு, கண்ணு தெரியலயா? சோடாவ நீங்களே குடிங்க!"

பாட்டிலைத் தட்டிவிட்டு, வேன் பிடித்து ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"இதயம் நடு நெஞ்சுலதாம்மா இருக்கு, நுனிதான் இடப்பக்கம் சாஞ்சிருக்கும். அதுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. நல்லவேளை, உடனே வந்தீங்க" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டிலுக்காகக் கொழுந்தன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போகட்டும். அவர் கடையில் யாராவது நெஞ்சைத் தடவிக்கொண்டு சோடா கேட்டால், நான் குறுக்கே போய் நின்று ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுகிறேன்.