மரைன் ஹில்லில் ஒரு பனிப் பேண்ட்

போன அக்டோபரில் அந்தமானில், மரைன் ஹில்லில் எங்கள் மாடிக் கொடியில் ஒரு பேண்ட் தொங்கியது. கறுப்பு நிறம். மெத்தைபோல உப்பி, ஆள் இல்லாமலே எழுந்து நடந்துவிடும் போலிருந்தது. சென்னையிலிருந்து கப்பலில் வந்த பெட்டியில் ஈர வாடை ஏறியிருந்ததால் காற்றாடப் போட்டிருந்தேன். துணி எடுக்க வந்த கீழ்வீட்டு லட்சுமியம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தண்ணீரில் மிதக்குமா என்று இந்தியில் கேட்டார். அவர் தெலுங்குக்காரர், எங்கள் இருவருக்கும் பொதுவானது தீவின் இந்திதான். தடித்த பொருள் எதைப் பார்த்தாலும் இங்கே முதலில் வரும் கேள்வி அது. மிதக்க இல்லை, பர்ஃபில் உட்கார என்றேன். பனிக்கும் ஐஸுக்கும் இந்தியில் அந்த ஒரே சொல்தான். சற்று யோசித்தவர், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டேனா என்று கவலையோடு விசாரித்தார்.

என் சொந்த ஊரான சாத்தூர்ப் பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் போர்ட் பிளேரில் உடற்கல்வி ஆசிரியை. ஆசிரியர்களுக்கான பனிக்கால மலைப்பயிற்சி ஒன்று இமாச்சலத்தில் நடக்கும். கூடாரத்தில் தங்க வேண்டும், பனிச்சறுக்குப் பழக வேண்டும். அதைத் தேறியவர்கள்தான் பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகலாம். இரண்டு வருடம் முன்பு ஆசையோடு போனேன். அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் டிராக் பேண்ட், அதன்மேல் ஜீன்ஸ், அதற்கும் மேல் இங்கே அபர்டீன் பஜாரில் வாங்கிய மழைக்கோட்டின் கால்சட்டை. மேல் முகாமுக்கு ஏறிய அன்று பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டியது. வழுக்கி விழுந்ததில் மழைக்கால்சட்டை தையலோடு பிரிந்தது. ஜீன்ஸ் தொடைவரை நனைந்து, பிறகு பலகைபோல விறைத்துவிட்டது. பயிற்சியாளர் தாக்கூர் ஜி என் முன்னால் வந்து நின்று, கோட்டின் ஜிப்பை மேலே இழுக்கச் சொன்னார். என் விரல்கள் ஜிப்பைத் தொட்டன, பிடிக்கவில்லை. அவர் திரும்பி, அந்தமான் மேடத்தைக் கீழே அனுப்புங்கள் என்றார். அவர் செய்தது சரிதான். ஆனால் மற்றவர்கள் வரிசையாக மேலே போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியது என் கால்களுக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளைகளிடம், முடித்துவிட்டு உட்கார் என்று மைதானத்தில் கத்துகிறவள் நான்.

பயிற்சிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்து நான்கு முடிந்துவிட்டது. மறுபடி விண்ணப்பிக்கப்போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் ராமநாதபுரத்துப் பெற்றோருக்கு இந்தத் தீவிலேயே பிறந்தவர். எதிர்க்கரையில் பேம்பூஃப்ளாட்டில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தினமும் சாத்தம் துறையில் ஃபெர்ரி பிடித்துப் போய்வருகிறவர்.

“செல்வி, போன தடவை உன் கால்விரல் நிறம் மாறி வந்துச்சு. ஒரு மாசம் நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன். திருப்பியும் எதுக்கு?”

“பாதியில இறக்கி விட்டுட்டாங்கங்க. மீதிப் பாதி அங்கயே கெடக்கு.”

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “அச்சா. அப்ப பேண்ட்ட ஒழுங்கா வாங்கு. அதுல மட்டும் அட்ஜஸ்ட் பண்ணாத” என்றார்.

சாத்தூரிலிருந்து அம்மா போனில் சொன்னது வேறு. “ஏத்தா, கடலத் தாண்டிப் போன. இப்ப மலையவும் தாண்டணுமாக்கும்?”

ஒழுங்காக வாங்குவது என்றால் எப்படி? குளிரைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? சாத்தூரில் பருவநிலை என்றால் வெயில். வெயிலுக்கு எந்தச் சுவரோரம் ஒதுங்குவது, எப்போது வெளியே போகாமலிருப்பது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வித்தை. மார்கழிக் காலையில் அப்பா துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார். அவ்வளவுதான் குளிருக்கு நாங்கள் கொடுத்த மரியாதை. கம்பளி என்ற பொருள் வீட்டில் இருந்ததாகவே நினைவில்லை. இங்கே வந்த பிறகும் குளிர் இல்லை. வருடம் முழுக்க மின்விசிறி ஓடுகிறது.

ஆனால் இந்தத் தீவு எனக்கு ஈரத்தைக் கற்றுத்தந்தது. முதல் வேலை பாராடாங் தீவில். வருடத்தில் முக்கால்வாசி மழை. கொடியில் போட்ட துணி காயாமலே வாடை பிடிக்கும். அலமாரிக்குள் செருப்பில் பூஞ்சை பூக்கும். ஒருநாள் வாகனங்களை ஏற்றிப்போகும் படகில் நீரிணையைக் கடக்கும்போது நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. பருத்திச் சேலை முழுக்க உடம்போடு ஒட்டிவிட, காற்றும் சேர்ந்து அடிக்க, அக்கரை சேர்வதற்குள் பல் தந்தியடித்தது. வெப்ப நாட்டின் நடுவில், ஜனவரிகூட வியர்க்கும் ஊரில், நான் குளிரில் நடுங்கினேன். அன்றைக்கு அது ஒரு வேடிக்கை. மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என்னை அங்கே தோற்கடித்தது குளிர் அல்ல, ஈரம். குளிரை நான் அறியேன். ஈரம் எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். அந்தப் பக்கமிருந்து தொடங்கினால் என்ன?

இணையக் கடைகளில் தேடினேன். பிடித்த பேண்ட் ஒவ்வொன்றின் கீழும், உங்கள் பின்கோடுக்கு அனுப்ப இயலாது என்று வந்தது. சென்னையில் இருக்கும் என் தம்பி குமாரை மலையேற்றச் சாமான் விற்கும் கடைக்கு அனுப்பி, வீடியோ அழைப்பில் பார்த்தேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். அந்தமான் என்றதும், அங்கே ஷார்ட்ஸ் போதுமே மேடம் என்று சிரித்தார். போகும் இடத்தை விளக்கியதும், இறகு அடைத்த பேண்ட்தான் இருப்பதிலேயே சூடானது, எடையும் குறைவு என்று அடித்துச் சொன்னார். அப்படி வந்ததுதான் மாடிக் கொடியில் தொங்கியது.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் வியர்வை கணுக்காலில் சொட்டியது. மரைன் ஹில்லில் நின்றுகொண்டு இது குளிரைத் தாங்குமா என்று எப்படி அறிவது? யோசித்துவிட்டு, பேண்ட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு ஜங்லிகாட் மீன்பிடித் துறைக்குப் போனேன். அங்கே மீனை உறைய வைக்கும் தனியார் குளிரறை ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் பிஸ்வாஸ் தாதா, வங்காளி; அவர்கள் மொழியில் தாதா என்றால் அண்ணன். மிகுந்த தயக்கத்தோடு அவரிடம், ஐஸ் வேண்டாம், உள்ளே கொஞ்சம் இடம் மட்டும் வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்றேன். என் முகத்தையும் கையிலிருந்த பெரிய பையையும் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மெயின்லேண்டிலிருந்து உறவினர் வந்து சேரும்வரை இறந்தவரை ஐஸ் வைத்துக் காக்கும் ஊர் இது.

“கிஸ்கே லியே, தீதி?” என்றார் தாழ்ந்த குரலில். யாருக்காக அக்கா என்று கேட்கிறார்.

“மேரே லியே” என்றேன். எனக்காக.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து பேண்ட்டை எடுத்து, கைபேசியில் மலைப் படத்தைக் காட்டி விளக்கியதும் பெருமூச்சு விட்டு, மீனுக்குக்கூட இப்படி உடுப்பு இல்லையே என்றார். ஆனால் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மணி அடிக்கும் பொத்தானையும் காட்டினார்.

சூரை மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கடைக்காரர் சொன்னது உண்மை. இடுப்புக்குக் கீழே அடுப்படியில் இருப்பது போன்ற சுகம். இதுதான், முடிந்தது என்றுகூடத் தோன்றியது. ஆனால் மலையில் நான் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே. வெளியே வந்து ஒரு குவளைத் தண்ணீரை முழங்காலில் ஊற்றித் தேய்த்தேன். பனியில் மண்டியிட்டால் நடப்பது அதுதான். மறுபடி உள்ளே போனேன். மேல்துணி வழியே தண்ணீர் இறங்கியது. உப்பியிருந்த இறகு, மழையில் நனைந்த கோழிபோல ஒரு மூலையில் ஒடுங்கிப் போனது. சில நிமிடங்களில் முழங்கால் எலும்பு வலிக்கத் தொடங்கியது. அந்த வலியை எனக்குத் தெரியும். நான் மணியை அடித்தேன்.

இறகு பேண்ட் கெட்ட பேண்ட் அல்ல. உலர்ந்த கடுங்குளிரில், கூடாரத்துக்குள் சும்மா இருப்பவருக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் நாளெல்லாம் விழுந்து எழப்போகிற, ஈரப் பனியில் ஏறப்போகிற எனக்கு அது ஆகாது. நான் நனைத்ததைக் கடை திரும்ப எடுக்காது. அதைப் பிஸ்வாஸ் தாதாவிடமே கொடுத்தேன், குளிரறைக்குள் பெட்டி அடுக்கும்போது போட்டுக்கொள்ள. குமாரை மறுபடி கடைக்கு அனுப்பினேன். இந்த முறை நான்தான் பேசினேன். உள்ளே இறகு வேண்டாம், நனைந்தாலும் சூட்டை முழுக்க விட்டுவிடாத செயற்கைப் பஞ்சு வேண்டும், அதுவும் மெல்லியதாக. ஏறும்போது உடம்பு வியர்க்கும், அந்த வியர்வையும் ஈரம்தானே. அதனால் தொடையோரம் திறந்துவிட ஜிப் வேண்டும். மேல்துணியில் தண்ணீர் நிற்கக் கூடாது, தையல்களை உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்திருக்க வேண்டும். பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டி இருக்கிறதா, கீழே சறுக்குக் கட்டை கீறும் இடத்தில் தடித்த துணி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே இரண்டு அடுக்கு போட்டு உட்கார்ந்து எழ வேண்டுமே என்று ஒரு அளவு பெரிதாகவும், இடுப்பில் நழுவாமலிருக்கத் தோளில் மாட்டும் வாரோடும் கேட்டேன்.

“அக்கா, எனக்குப் பொண்ணு பாத்தப்பகூட நீ இத்தன கேள்வி கேக்கல” என்றான் குமார்.

பேண்ட் கப்பலேறியது. கடல் கொந்தளித்ததால் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடந்தது. என் விமான நாள் நெருங்கியது. பழைய ஜீன்ஸைப் பெட்டியில் வைக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்; அது இருந்தால் மனசு அதில் சாய்ந்துவிடும். பேண்ட் வராவிட்டால் தில்லியில் இறங்கிக் கடை கடையாக ஏறுவது என்று முடிவு செய்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் கப்பல் கரை சேர்ந்தது. வீட்டுக்காரர் கடையைத் திறக்காமல், கொட்டும் மழையில் துறைமுகத்துக்குப் போய்ப் பெட்டியைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவர் முழுக்க நனைந்திருந்தார். பெட்டியின் ஒரு மூலைகூட நனையவில்லை. நேரே ஜங்லிகாட். பிஸ்வாஸ் தாதா தானே வாளியை எடுத்து என் இரண்டு முழங்காலிலும் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, மண்டியிட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் பல் கிட்டித்தபடி வாசலில் நின்று, போதும் வா, எனக்குக் குளிருது என்றார்.

மலையில் தாக்கூர் ஜி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். என் பெயர் அவருக்கு நினைவில்லை; அந்தமான், நீங்களா என்றார். சறுக்குப் பழகிய நாட்களில் நான் விழுந்ததற்குக் கணக்கில்லை. காஷ்மீரத்துப் பெண் ஒருத்தி நின்றபடி வழுக்கிப் போவாள், நான் உட்கார்ந்தபடி வழுக்கிப் போவேன். தொடை ஜிப்பைத் திறந்து ஏறுவேன், நின்றதும் மூடுவேன். மாலையில் கூடாரத்தில் பேண்ட்டை உதறினால் பனி உதிரும், உள்ளே கம்பளியடுக்கு காய்ந்தே இருக்கும். அந்தக் காய்ந்த துணியைத் தொடும்போதெல்லாம் பாராடாங்கில் காயாத துணிகளோடு பட்ட பாடு வீண்போகவில்லை என்றிருக்கும்.

மேல் முகாமுக்கு ஏறும் நாளில் அதே பாதி மழை, பாதி பனி. அதே வளைவில் தாக்கூர் ஜி வரிசையை நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்தார். என் முன்னால் வந்து குனிந்து முழங்காலைத் தொட்டார். கையுறை ஈரமானது. நிமிர்ந்து கீழ்ப்பாதையைப் பார்த்தார்.

“அந்தமான், நீச்சே?”

கீழேயா என்கிறார். தொடை ஜிப்பை இழுத்துத் திறந்தேன்; அவரைக் கையுறையைக் கழற்றச் சொல்லி, அவர் விரலை உள்ளே இருந்த துணியில் வைத்துக் காட்டினேன். பிறகு, அவர் கேட்காமலே, என் கோட்டின் ஜிப்பைக் கீழே இறக்கி மேலே ஏற்றினேன். விரல்கள் சொன்னபடி கேட்டன. அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

“அந்தமான் ஊபர் ஜாயேகா” என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அந்தமான் மேலே போகும்.

கடைசித் தேர்வில் சரிவு முழுக்க விழாமல் வந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை விழுந்தேன், எழுந்து முடித்தேன். தேறிவிட்டேன். அன்று பிற்பகல் மேகம் விலகியது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை. கட்டைகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் இல்லாமல், பனி என்று வாய்விட்டுச் சொன்னேன். சாத்தூரில் அந்தச் சொல்லுக்குப் புல்நுனியில் நிற்கும் துளிதான் பொருள். பக்கத்திலிருந்த தாக்கூர் ஜி காதில் அது பானி, தண்ணீர், என்று விழுந்திருக்கிறது. உடனே தன் குடுவையைத் திறந்து நீட்டினார். காலையில் அதே பனியை உருக்கி நிரப்பிய தண்ணீர். நான் திருத்தவில்லை; வாங்கிக் குடித்தேன்.

வீடு ஞாபகமா என்று கேட்டார். தலையாட்டினேன். எந்தப் பக்கம் இருக்கிறது உங்கள் வீடு என்றார். கை யோசிக்காமல் நேர் தெற்கே நீண்டது. நீண்ட பிறகுதான், அங்கே இருப்பது சாத்தூர் என்று உறைத்தது. மெதுவாகக் கையை இடப்பக்கம், தென்கிழக்கே நகர்த்தினேன். அவர் என் கை போன வழியெல்லாம் கண்ணால் போய்வந்து, இரண்டுக்கும் நடுவில் யாரும் குடியில்லாத ஒரு மலைச்சரிவைப் பார்த்து, அச்சா, அங்கேயா என்று தலையசைத்தார்.